தனியாக விடாதே என்று வேண்டிக்கொண்டவள்

கிருத்திகைக்குக் கிருத்திகை செட்டிகுளம் மலை ஏறி நான் ஒரே வேண்டுதலைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். முருகா, என் மகளை ஆகாயத்தில் தனியாக விடாதே. பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருத்தரை உட்கார வை. இதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. அது அவள் பிழைப்பைத் தடுக்கிற வேண்டுதல் என்று எனக்குத் தெரியாமல் போனது.

நம் பஜனைக் கூட்டத்தில் என்னை எழுந்து பேசச் சொன்னார்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. அஞ்சாவது வரைதான் படித்திருக்கிறேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, அந்த முருகனுக்குக் கரும்புத் தொட்டில் நேர்ந்துகொண்டு பெற்ற ஒரே பிள்ளை மலர்க்கொடி. விமானம் ஓட்டப் படிக்கிறேன் என்றாள். அவள் அப்பா பாதிக் காட்டை விற்று, வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். வேலை மட்டும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பறந்து வைத்துக்கொள், வா என்று பள்ளியில் மறுபடி கூப்பிட்டார்கள். நான்தான் அழுது நிறுத்தினேன். லைசென்ஸ்தான் கைக்கு வந்துவிட்டதே, இனி எதற்குத் தனியாகப் போய் மேலே சுற்ற வேண்டும் என்று என் நினைப்பு. இரண்டு வருடம் வீட்டோடு இருந்தாள்.

ஒருநாள் என் ஓரகத்தி சோளக்காட்டு வரப்பில் நின்றுகொண்டு, "ஏரோப்ளேனு ஓட்டப் படிச்ச புள்ள இங்க வந்து குருவி வெரட்டுது பாருங்க" என்றாள்.

"அதுங்களுக்காச்சும் தெனம் பறக்கக் கெடைக்குதே சித்தி" என்று மலர் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

போன வருடம் ஆடி மாதம் ஒரு விமானக் கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. ஆசையாகப் போனாள். மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மொத்தம் எத்தன மணி நேரம் பறந்தேன்னு ஒரு தடவதான்மா கேட்டாங்க. அப்புறம் பூரா, எப்படிப் பறந்தேன்னுதான் கேள்வி. வாத்தியாரு கூட உக்காந்து ஓட்டுனது எவ்வளவு, நானே பொறுப்பா ஓட்டுனது எவ்வளவு, ஊரு விட்டு ஊரு போனது எவ்வளவு, ரெட்ட இன்ஜின்ல எவ்வளவு. கடைசியா எப்பப் பறந்தேன்னாங்க. ரெண்டு வருஷம் ஆச்சுன்னேன். பறந்த கணக்கு நோட்ட மூடிட்டாங்க."

"வாத்தியாரு பக்கத்துல இருந்தாத்தானே பாப்பா நல்லது?" என்றேன்.

"அப்பா உன் கையப் புடிச்சுக்கிட்டு ஸ்டியரிங்கத் திருப்புனா, டிராக்டர் ஓட்டுனது யாரும்மா?"

எதை வேண்டாம், வேண்டாம் என்று மலை ஏறிக் கேட்டேனோ, அதைத்தான் அவர்கள் தேடிப் பார்த்திருக்கிறார்கள். பள்ளி கூப்பிட்டபோது நான் விட்டிருந்தால் அந்த நோட்டை மூடியிருக்க மாட்டார்கள். என் பிள்ளையை நானே உட்கார வைத்துவிட்டேன்.

தை மாதம் இன்னொரு கம்பெனி ஆள் எடுக்கிறது, அதற்குள் புதிதாகப் பறந்து காட்டாவிட்டால் இந்தப் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்றாள். ஆவணியில் மறுபடி வடக்கே அனுப்பி வைத்தோம்.

அந்தக் கிருத்திகைக்கு மலை ஏறினேன். அங்கே வேலுக்குப் பதில் கையில் கரும்போடு நிற்கிற முருகனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முருகா, அவளைத் தனியாகவே அனுப்பு, பக்கத்தில் ஆள் வேண்டாம் என்றேன். பெற்றவள் கேட்கிற வரமா இது. நீ பார்த்துக்கொள் என்று மட்டும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏறும்முன் போன் செய்து "ஏறுறேம்மா" என்பாள். இறங்கினதும் "இறங்கிட்டேம்மா" என்பாள். நடுவில் இருக்கிற நேரம் எனக்கு மூச்சு இருக்காது.

புரட்டாசியில் ஒருநாள் தூரப் பயணம். ஒரு ஊரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு ஊரில் இறங்கி, பள்ளிக்குத் திரும்ப வேண்டும். முதல் ஊரில் இறங்கிப் பேசினாள். பத்தரைக்கு, மறுபடி ஏறுகிறேன் என்றாள். பன்னிரண்டுக்குள் இரண்டாவது ஊரிலிருந்து பேச வேண்டும். ஒரு மணி ஆனது. போன் அணைந்திருந்தது. இரண்டு ஆனது.

"ஏங்க, பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"போட்டேன். எடுக்கல. அவ போன்ல சார்ஜ் இருக்காது, விடு" என்றார். களத்தில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். நான் போகும்போதும் வரும்போதும் கையில் அதே வெங்காயம்தான் இருந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலைக்கு நடந்தேன். நடை சாத்தியிருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்டதால்தானே தனியாகப் போனாள், பழைய வேண்டுதலோடு இருந்திருக்கலாமே என்று மனதுக்குள் என்னையே திட்டிக்கொண்டேன். கந்தா, கந்தா என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

மூன்றே காலுக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"இறங்கிட்டேம்மா. ஆனா போக வேண்டிய ஊருல இல்ல. வழியில மேகம் அடச்சிருச்சு. திரும்பி மொத ஊருக்கே வந்துட்டேன். போன் செத்துப் போச்சு, இப்பத்தான் ஆபீஸ் போன் கெடச்சுது." அப்புறம் அழுதாள். "போன காரியத்த முடிக்கலம்மா."

நான் படியில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

பறந்த கணக்கு எழுதுகிற நோட்டில், மேகத்தால் திரும்பினேன் என்று எழுதியிருக்கிறாள். கூடப் படிக்கிறவள், "இதெல்லாம் எழுதாதடி, பயந்துட்டேன்னு நெனப்பாங்க" என்றாளாம். இவள் அழிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அதே பயணத்தைத் தனியாகவே போய் முடித்தாள்.

தை மாத நேர்முகத்தில் ஒரு வயதான கேப்டன் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாராம். மலர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏன் திரும்புனீங்க? யாராவது சொன்னாங்களா?"

"இல்ல சார். பக்கத்துல யாரும் இல்ல."

"அப்ப யாரு முடிவு பண்ணுனது?"

"நான்தான் சார்."

அதற்கு மேல் அந்தப் பக்கத்தைப் பற்றி அவர் கேட்கவில்லையாம். பத்தாம் நாள் வேலைக்கு உத்தரவு வந்தது. நான் அழுது நிறுத்தியதைத் தவறு என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

பெரிய விமானத்துக்கான பயிற்சி முடிந்து, இந்த ஆனியில் முதல் முறையாக ஜனங்களை ஏற்றிக்கொண்டு பறந்தாள். அதற்கு முந்தின நாள் நான் கேட்டேன், அங்கேயும் தனியாகத்தான் ஓட்ட வேண்டுமா என்று.

"இல்லம்மா. அங்க முன்னால எப்பவும் ரெண்டு பேரு. எனக்குப் பக்கத்துல கேப்டன் உக்காந்திருப்பாரு."

போனை வைத்ததும்தான் எனக்கு உறைத்தது. விவரம் தெரிந்த ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வை என்று நான் முதலில் கேட்டதை அவன் மறக்கவே இல்லை. அதற்கு முன்னால் அவள் தனியாகப் போய் வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிள்ளைகளை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிற தாய்மாரே, உங்கள் பயத்தையும் அவனிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தாதீர்கள். வருகிற கிருத்திகைக்கு நான் கரும்புக் கட்டோடு மலை ஏறுகிறேன். கூட வாருங்கள். அன்றைக்கு மலருக்குக் காலையில் பறப்பு. "ஏறுறேம்மா" என்று அவள் சொன்னதும் நாமும் ஏறலாம்.