பூசையில் ஒரு துளி ஒயின்

புனேக்குப் பக்கம் கட்கியில் எங்கள் சந்தில் விமானம் ஓட்டுகிறவன் மெர்வின் ஒருவன்தான். அவன் அப்பா ஆரோக்கியமணி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் துணை விமானி என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஒன்பது வருடமாக ‘கேப்டன்’ என்றே சொல்லிவந்தார். அதை நாலு தெரு தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்.

அது நிஜம் ஆக வேண்டிய நாள் போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. மாலை நாலரைக்குப் புனேயிலிருந்து கிளம்பும் விமானத்தை, பரிசோதகர் பக்கத்திலிருந்து பார்க்க, மெர்வின் கேப்டன் இடத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். தேறினால் பதவி. அன்று காலையில்தான் அவன் அம்மாவுக்கு வருடப் பூசை.

எங்கள் மாதா கோயிலில் நற்கருணை வாங்கும் மற்றவர்களுக்கு வெறும் அப்பம். இறந்தவரின் குடும்பத்துக்கு மட்டும் சாமியார் அப்பத்தை ஒயினில் தோய்த்து நாக்கில் வைப்பார். மெர்வின் கண்ணை மூடி வாயைத் திறந்தான். திரும்பி வந்து முழங்காலிட்டபோதுதான் அவன் முகம் வெளுத்தது. விமானம் ஓட்டுவதற்கு முன் பன்னிரண்டு மணி நேரம் மது தொடக் கூடாது என்பது அவர்கள் விதி.

வீட்டுக்கு வந்ததும் கம்பெனிக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தான்.

“அரே, ஒரு சொட்டுடா! சாயந்திரம் ஊதினா மிஷின் ஜீரோதான் காட்டும்” என்றேன்.

“காட்டும் மாமா. இன்னிக்கு ஒரு சொட்டு பரவால்லன்னா, நாளைக்கு எத்தன சொட்டு பரவால்லன்னு நானே முடிவு பண்ண ஆரம்பிச்சுருவேன்.”

ஆரோக்கியமணி எழுந்தே விட்டார். “ஆண்டவரோட ரத்தத்தப் போய் தாரு, சாராயம்னு சொல்லப் போறியா? அதுவும் உங்கம்மா பூசையில வாங்கினத?”

“எனக்கு அது ஆண்டவர்தாம்பா. சாமியார் மேல தப்பில்ல. வெறும் அப்பம் போதும்னு முன்னாடியே சொல்லாம விட்டது நான்தான்.”

போனில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அந்தப் பக்கம் சிரித்தார்களோ திட்டினார்களோ, “யெஸ் சார்” என்பது மட்டும் எனக்குக் கேட்டது. அவன் இடத்தில் கூட வேலை பார்க்கும் ஹரிபிரசாத் போனான், இவனுக்கு நாலு வருடம் இளையவன். மெர்வினுக்கு வேறு தேதி பிறகு சொல்வார்களாம்.

சமைத்த பிரியாணி மூடியபடியே கிடந்தது. அப்பனும் மகனும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

நாலே முக்காலுக்குக் கூரைக்கு மேல் சத்தம் கேட்டது. ஆரோக்கியமணி வெளியே போய் அண்ணாந்தார். மகனும் பின்னால் போனான்.

“இதானா?”

“இதாம்பா.”

“எத்தன பேரு இருப்பாங்க?”

“நூத்தி எண்பது.”

“நீ எதுக்கு வரலன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரிய வேணாம்பா. பத்திரமா எறங்கினாப் போதும்.”

சத்தம் தேயும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, பிரியாணியைச் சூடாக்கி, முதல் தட்டை மகன் முன்னால் வைத்தார்.

தேதி இன்னும் வரவில்லை. போன வாரமும் மெர்வின் துணை விமானியாகத்தான் போனான்.