திரை போட்ட கார்

மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கார்தான். அவளை ஆஸ்பத்திரிக்குப் போக வைத்ததும் அதே கார்தானா? காலையில் ஒரு பதிலைச் சொல்லி மனதை அடக்குகிறேன். மத்தியானம் உலை வைக்கிறபோது அது பிழையாகத் தெரிகிறது.

கார் நிற்பது நிந்தவூரில், எங்கள் வீட்டு முற்றத்தில். எங்கள் வீடு என்று எழுதினாலும் அது என் வீடு. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். வாப்பா கட்டித் தந்த சுவர், உம்மா வாங்கித் தந்த கட்டில், அடுத்த வளவில் உம்மாவும் வாப்பாவும். என் கணவர் சம்மாந்துறையிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்தார். அங்கே அவருடைய குடும்பத்துக்கு நெல் மில் இருக்கிறது. அதன் எஞ்சினைப் பார்ப்பது அவர் பொறுப்பு. காலையில் போய்ப் பின்நேரம் வருவார். கல்யாணமான புதிதில் ஒரு கதிரையை ஜன்னலோரம் இழுத்துப் போடவும் "இதை இஞ்ச வைக்கலாமா?" என்று என்னைக் கேட்பார்.

சூறாவளி எங்கள் ஓடுகளைப் பிடுங்கிப் போட்டுப் போனதற்கு அடுத்த வருடம் அவர் கார் வாங்கினார். மலைநாட்டுத் தோட்டமொன்றில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஓட்டிவிட்டு விட்டுப்போனது. தன் காலத்தில் பந்தயம் ஓடியதாம். கடும் பச்சை நிறம், நீண்ட மூக்கு, கன்வஸ் கூரை, இரண்டே இருக்கை. கதவுகளுக்குக் கண்ணாடி இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று இருப்பதாக அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தச் செய்தியைத்தான் அவர் முதலில் வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

"மாமிக்குச் சொல்லு, காருக்கு ரெண்டு பக்கமும் திரை இரிக்காம்."

பெண்கள் போகிற வண்டிக்குத் திரை கட்டுவது எங்களுக்குப் பழக்கம். வாடகைக் காரிலும் எங்களை ஏற்றிவிட்டு ஒரு துணியை இழுத்து மூடித்தான் கதவைச் சாத்துவார்கள். மருமகனோடு நேருக்கு நேர் பேசாத உம்மா, கதவுக்குப் பின்னால் நின்றபடி சந்தோசப்பட்டா.

"பாத்தியா புள்ள, வெள்ளைக்காரனும் பொஞ்சாதிய மூடித்தான் கூட்டிக்கொண்டு திரிஞ்சிரிக்கான். சும்மா அவனுகள ஏசுற நீங்க."

கார் வந்து சேர்ந்தபோது அந்தத் திரையைப் பார்த்தோம். சட்டத்தில் பூட்டிய மஞ்சளான பிளாஸ்டிக் தகடு. அந்தத் துரையின் பாஷையில் அதற்குப் பெயர் 'கேர்ட்டன்', அதாவது திரையாம். மழைக்கு வைப்பது.

"இதா திரை? உள்ளுக்கு இரிக்கிறவட மூக்குத்தியும் தெரியுதே!" என்றா உம்மா. அன்றைக்கே பெட்டியைத் திறந்து கறுப்புச் சாட்டின் எடுத்துத் தைக்கத் தொடங்கிவிட்டா. தகட்டின் உள்பக்கத்தில் இரண்டு மடிப்பு, விளிம்பில் நாடா, கீழே தொங்கல். நானும் கூட இருந்து ஊசி கோத்துக் கொடுத்தேன். ஒரு ஊசி போகும் இடைவெளி இல்லாமல் உம்மா தைத்தா.

அதன் பிறகு என் காது எனக்குச் சொந்தமாக இல்லை.

பழைய காருக்கு என்ன செலவு என்று கேட்டால் டயர், பெற்றோல், கொழும்பிலும் கிடைக்காத சாமான் என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான், அதைச் சமாளித்துக்கொள்ளலாம். எனக்குப் போனது வேறு. பின்நேரம் கடலிலிருந்து உப்புக்காற்று வீசினால் வேலையை விட்டுவிட்டு எழும்பிப் போய் காரை நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். மழை இருட்டினால் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுப்பதற்கு முன்னால் காரின் கன்வஸை இழுக்க வேண்டும். அவர் வரும் நேரம் தாண்டினால் காரைதீவுச் சந்தியிலா, வயல்வெளி நடுவிலா எங்கே நின்றுவிட்டதோ என்று காது ரோட்டிலேயே கிடக்கும். அந்த எஞ்சின் சத்தம் பள்ளிவாசலடியில் திரும்பும்போதே எனக்குக் கேட்கும். கேட்ட பிறகும் நெஞ்சு அடங்காது. சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கும்.

அவருக்கும் காதுதான் வேலை. எஞ்சினுக்கு இரண்டு காபரேட்டர். இரண்டும் ஒரே அளவாகக் காற்றை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சீராக ஓடாது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மற்ற நுனியை ஒன்றின் வாயில் ஒருமுறை, அடுத்ததன் வாயில் ஒருமுறை பிடித்துக் கேட்பார். டாக்டர் மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வார். "ரெண்டு மூச்சும் ஒண்டாகோணும் புள்ள" என்பார். வீட்டுக்குள் எதற்கும் கேட்டுக் கேட்டு நடக்கிற மனிதர், காரின் அந்த மூக்கைத் திறந்துவிட்டால் யாரையும் கேட்க மாட்டார். அப்போது அவர் முகம் எனக்குப் பிடிக்கும். அதையும் இங்கே எழுத வேண்டும், எழுதாவிட்டால் இதை வாசிக்கிற நீங்கள் எனக்குச் சொல்லும் யோசனை பிழையாகிவிடும்.

கூடப்பிறந்த மூத்தவ, ராத்தா, எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறா. அவட கணவர் புது ஜப்பான் வேன் வாங்கியிருந்தார், சரிகைத் திரையோடு.

"எங்கட வேனுக்குச் சாவியத் திருப்பினாப் போதும்" என்பா ராத்தா. "உங்கடதுக்கு, சாகக் கிடக்கிற ஆளுக்கு மாதிரி, யாசீன் ஓதோணும்."

"ஓதினா எழும்புதே, அது பெரிய விசயந்தானே" என்று நான் சொல்வேன்.

"மறுகா ஒண்டு பொறந்தா எங்கடி வைக்கப் போற? பொனட்டுலயா?"

சிரித்துக்கொண்டே உள்ளே வருவேன். வந்து யோசிப்பேன். உண்மையில் எங்கே வைப்பது?

மகளுக்குப் பேச்சு வந்த கையோடு மூச்சிழுப்பும் வந்தது. எங்கள் பக்கத்தில் அதை முட்டு என்போம். எஞ்சினுக்குள் ஏதாவது இடித்துக்கொண்டால் அவர் அதற்கும் "முட்டுது" என்றுதான் சொல்வார். முற்றத்திலிருந்து "முட்டுது புள்ள" என்று குரல் வந்தால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். "யாருக்கு?" என்று கேட்டால் எஞ்சினைக் காட்டுவார். கோபத்தில் ஒருநாள் அழுதும்விட்டேன். அதன் பிறகு காருக்கு வேறு வார்த்தை தேடினார், கிடைக்கவில்லை.

அவளுக்கு முட்டு வந்தால் கல்முனை ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம். நான் அவளை மடியில் வைத்துக்கொள்வேன். கூரையை இழுத்து, திரையைப் பூட்டி, தொங்கலை உள்ளே செருகினால் காருக்குள் கப்பென்று இருட்டாகிவிடும். போகப் போக அவளுக்கு இழுப்புக் கூடும். எனக்குத் தலை இடிக்கும். பயத்தால் இடிக்கிறது என்று நினைத்தேன். இன்னும் வேகமாகப் போங்கள் என்பேன். அவரும் போவார்.

ஒரு பகல் காரைதீவில் ரேடியேட்டர் கொதித்துக் கார் நின்றுவிட்டது. அவர் காரின் மூக்கைத் திறக்க, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கினேன். ரோட்டோர வீட்டுப் பெண் ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஐயோ தங்கச்சி, இது காரா, பொம்புளப் பல்லக்கா? இப்பிடி மூடிக் கட்டி வச்சிரிக்கீங்க!"

"புள்ளைக்கு முட்டு அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறம்."

"முதல்ல இதுக்கெல்லோ முட்டு" என்று காரைக் காட்டினார். என் மகளுக்குச் சுடுதண்ணீர் கொண்டுவந்து பருக்கினார். வேப்பமரத்துக்குக் கீழே நின்றோம். எஞ்சின் ஆறும்வரை நின்றதில் மகளின் இழுப்பும் ஆறியது. கல்முனைக்குப் போனபோது தாதி எங்களைப் பார்த்துச் சிரித்தா. "எந்தப் புள்ளைக்கு முட்டு? இதுக்கா? இது பாட்டுப் படிக்குதே." சுடுதண்ணீர்தான் வேலை செய்தது என்று உம்மா சொன்னா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

பெருநாள் முடிந்து சம்மாந்துறைக்கு என் மாமியை, அவருடைய உம்மாவை, பார்க்கப் போனோம். நாடா அறுந்ததால் திரை இரண்டும் உம்மாவின் தையல் மெசினடியில் கிடந்தன. உம்மா பார்க்காத நேரமாகப் பார்த்து, முக்காட்டைக் கண்வரைக்கும் இழுத்துக்கொண்டு, திரை இல்லாமல் ஏறிவிட்டேன். வயல் காற்று அடித்துக்கொண்டே வந்தது. மகள் கொக்குகளைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு வந்தாள். அங்கே போய் இறங்கியதும் வழக்கம்போல அவள் உச்சியை முகர்ந்தேன். வெயிலும் புழுதியும் மணத்தன.

மறுபடியும் முகர்ந்து பார்த்தேன். கல்முனைக்குப் போய்வந்த நாட்களில் அந்த முடியில் வேறொரு மணம் இருந்தது. புகை மணம். ஆஸ்பத்திரி மணம் என்று நினைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்கிறேன். எனக்கும் இந்தப் பயணத்தில் தலை இடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் போய்க் காரின் கதவைத் திறந்தார். கால் வைக்கிற இடத்தில் விரித்திருந்த சாக்கைத் தூக்கினார். உப்பு தின்ற தரை, ஓட்டை ஓட்டையாக முற்றத்து மண்ணும் வெடித்த புகைக்குழாயும் தெரிந்தன. பிறகு திரைகளை வாங்கிப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, தனியாக உள்ளே ஏறி உட்கார்ந்தார். நான் வெளியே நின்று தட்டினேன். மறுபடியும் தட்டினேன். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் பீப்பாத் தகடு வெட்டித் தரையை அடைத்தார், புகைக்குழாயையும் புதிதாகச் சுற்றிக் கட்டினார். அதுவரைக்கும் மகள் அந்தக் காரில் ஏறவில்லை.

அத்தோடு முடிந்தது என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மாரி தொடங்கியது. கார் கன்வஸ் போர்த்தி நின்றது, அவரும் மில்லுக்கு பஸ்ஸிலேயே போனார், யாரும் ஏறவில்லை. அப்படியிருந்தும் ஒரு பின்நேரம் மகளுக்கு முட்டு வந்தது. வீட்டுக்குள்ளேயே, கட்டிலிலேயே, முன்பு எப்போதும் இல்லாத மாதிரி. உதட்டைச் சுற்றி நிறம் மாறியது. ராத்தாவின் வேன் கொழும்புக்குப் போயிருந்தது. அவர் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார். ஒரே தரம். மழைக்குள் அது சிங்கம் மாதிரி எழும்பியது.

உம்மா திரைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தா.

"வேணாம் உம்மா."

"என்னடி வேணாம்? மழை அடிக்குது. ஊரே பாக்கும்."

"பாக்கட்டும்."

"மருமகனுக்குச் சொல்லு, புள்ள நனையும்!"

அவர் என்னைப் பார்த்தார். ஓட்டையெல்லாம் அடைத்தாயிற்று என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கறுப்புத் துணியைப் பார்க்கப் பார்க்க எனக்கே மூச்சு முட்டியது. "திரை இல்லாமப் போவம்" என்றேன். உம்மா ஒரு குடையை என் மடியில் எறிந்தா. நிந்தவூரிலிருந்து கல்முனைவரைக்கும் காருக்குள் குடை பிடித்துக்கொண்டு போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாய்ந்தமருதில் கடை வாசல்களில் ஒதுங்கி நின்றவர்கள் பார்த்தார்கள். மகள் தோளெல்லாம் நனைந்துவிட்டாள். அந்தக் கார் ஒரு இடத்திலும் இருமவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், நல்ல நேரத்துக்குக் கொண்டு வந்தீர்கள் என்றார். பிறகு பிள்ளையின் ஈர உடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இப்படியா கொண்டு வருவது என்று ஏசினார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். புகையைப் பற்றிக் கேட்டேன். புகை நல்லதில்லை, ஆனால் இந்த வருத்தம் பிள்ளையோடு கூடப் பிறந்ததாகவும் இருக்கலாம் என்றார். இவருடைய வேலையை விசாரித்துவிட்டு, மில் உமித் தூசைப் பற்றியும் கேட்டார். என் கணவர் உடுத்துப் போகிற சாரத்தில் ஒட்டிக்கொண்டு தினமும் வீட்டுக்கு வருவது அதுதானே. இனி எதையெல்லாம் சந்தேகிப்பது?

மகள் இப்போது சுகம். நான்தான் இருப்புக்கொள்ளாமல் திரிகிறேன். அவள் நித்திரையில் முதுகில் காதை வைத்துக் கேட்கிறேன், அவர் குழாயை வைத்துக் கேட்கிற மாதிரியே. இன்னொன்று வயிற்றில் இருக்கிறது. பொனட்டு விசயத்தை ராத்தா இப்போது கதைப்பதில்லை, கண்ணால் மட்டும் கேட்கிறா.

கொழும்பில் இப்படிப் பழைய கார்களைத் தேடி வாங்குகிற ஒருவர் வரும் மாதம் வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். நான் சொன்னதால் அல்ல, என் கணவரே விசாரித்திருக்கிறார். "வித்துப்போடுவமா?" என்றார், பழைய பேப்பரைப் பற்றிக் கேட்பதுபோல. நான் உலையைப் பார்க்க அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே வந்து, "உங்கட வளவில நிக்கிற சாமான்தானே. நீங்க சொல்லுங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிடுவார். அந்த "நீங்க" அன்றிலிருந்து எனக்குள் கிடந்து அறுக்கிறது. இந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல அந்த முற்றத்தில் நிற்பது ஒன்றுதான் இருக்கிறது.

திரைகளை உம்மா மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டா. திருப்பித் தைக்கலாம், புது நாடா இருக்கிறது என்கிறா.

இதை வாசிக்கிறவர்களில் முட்டுள்ள பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். மனிதருக்கு மேலாகப் பார்க்கப்படுகிற ஒரு பழைய வண்டியோடு ஒரே வளவில் வாழ்ந்தவர்களும் இருப்பீர்கள். தகடு அடித்து அடைத்த தரையை நம்பிப் பிள்ளையை ஏற்றலாமா? காரை விற்ற பிறகு பிள்ளைக்கு முட்டு நின்றதா, இல்லை அவசரத்துக்கு வண்டியில்லாமல் ரோட்டில் நின்றீர்களா? விற்றுவிட்டு வீட்டுக்குள் வந்த மனிதர் முன்பு மாதிரியே கதைத்தாரா? அந்தக் கொழும்புக்காரர் வருவதற்குள் நான் ஆம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எதைச் சொல்லட்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.