தபால்காரம்மா வேண்டாம் என்ற படம்

எங்கள் பகுதியில் தபால் கொடுக்கும் அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி நூலகத்தில் கேட்டிருக்கிறார்கள். அவர் எடுக்கும் படங்களெல்லாம் என் ஸ்டுடியோவில்தான் அச்சாகின்றன. ஆனால் நல்லதாக மட்டும் எழுத எனக்கு வராது. நான் இருபத்திரண்டு வருடமாக ஸ்டுடியோ வைத்திருப்பவன். அவர் காமிராவைத் தொட்டதே ஆறு வருடத்துக்கு முன்னால்தான். அவர் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். அதையும் சேர்த்தே எழுதுகிறேன், பிடிக்காத வரியை அவர்களே அடித்துக்கொள்ளட்டும்.

என் கடையில் இரண்டு குடை விளக்கு, ஒரு சுழல் நாற்காலி, பின்னால் நீலத் துணி, வெள்ளைத் துணி, சுவரில் சீப்பும் கண்ணாடியும். "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, கண்ணை மூடாதீங்க" என்பதை நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வேன். மச்சம், பரு, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, எல்லாவற்றையும் கணினியில் துடைத்துவிடுவேன். ஐம்பது வயதில் உள்ளே வருபவர் நாற்பதில் வெளியே போவார். இந்தத் தொழிலில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

தபால்காரம்மாவுக்கு மதியம் இரண்டு மணிக்கு வேலை முடியும். அதன் பிறகு தோளில் வேறொரு பை ஏறும். அதற்குள் ஒரு பழைய துண்டு, துண்டுக்குள் யாரோ பயன்படுத்தி விற்ற காமிரா. பேட்டரி மூடி கழன்று விழாமல் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். பேருந்து கழுவும் இடம், செருப்பு தைக்கும் கடை, பள்ளிச் சமையலறை என்று சுற்றுவார். எல்லா இடத்திலும் கடிதம் கொடுத்துப் பழக்கம், அதனால் யாரும் விரட்ட மாட்டார்கள். முதல் மூன்று நாள் காமிராவையே வெளியே எடுக்க மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார், கூடமாட ஏதாவது செய்வார். வேலைக்கு ஆகாத பழக்கம் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் படமானாலும் முதல் பிரதி படத்தில் இருப்பவருக்குத்தான்.

"அவங்க பாத்து சரின்னு சொல்லணும் அண்ணே. அப்புறம்தான் மத்தவங்களுக்கு" என்பார்.

"வேண்டாம்னு சொல்லிட்டா?"

"வேண்டாம்னா வேண்டாம்தான்."

நூலகத்தில் வருடத்துக்கு ஒரு முறை உழைப்பவர்களைப் பற்றிய படங்களை மாட்டுவார்கள். வாசலுக்கு எதிர்ச் சுவரில் பெரிய அளவில் ஒரே ஒரு படம். தொடர்ந்து மூன்று வருடம் அது தபால்காரம்மாவின் படம். என் இயந்திரத்தில், என் மையில், என் தாளில் வந்த படம், கீழே மட்டும் அவர் பெயர். அந்த இடத்தில் ஒரே ஒரு தடவை என் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று.

இந்த வருடம் நானும் களத்தில் இறங்கினேன். என் மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். அங்கே அறுபது பெண்கள், எல்லாருக்கும் ஒரே பச்சைத் தொப்பி, ஒரே முகக்கவசம். மனைவி மூலமாக அனுமதி வாங்கி விளக்கோடு போனேன். பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்தி, கவசத்தைக் கழற்றச் சொல்லி, தாடையைத் தூக்கச் சொன்னேன். மனைவியை எடுக்கவில்லை. வீட்டில் எப்போதும் பார்க்கிற முகம்தானே என்று விட்டுவிட்டேன். கடைக்கு வந்து பார்த்தால் பன்னிரண்டும் பாஸ்போர்ட் படங்கள்.

அடுத்த வாரமே தபால்காரம்மாவும் அங்கே போனார். மூன்று நாள் அவர்களோடு போர்வை மடித்தார் என்று மனைவி சொன்னாள். நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன். பத்து நாள் கழித்து மெமரி கார்டோடு கடைக்கு வந்தார். அச்சிட வேண்டிய எண்களை ஒரு தாளில் எழுதியிருந்தார். கடைசியில், '214 வேண்டாம்.'

வருகிற கார்டு முழுவதையும் கணினியில் ஏற்றிவிடுவது எங்கள் கடை வழக்கம். அவர் தலை மறைந்ததும் முதலில் திறந்தது 214-ஐத்தான்.

மடித்த போர்வைக் குவியல் மேல் ஒரு பெண் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருக்கிறாள். புருவம் வரை தொப்பி, கண்ணுக்குக் கீழே கவசம். முழங்கை வரை சட்டையைச் சுருட்டி, வலது கையை மடியில் போட்டிருக்கிறாள். உயரத்து ஜன்னல் வெளிச்சம் அந்தக் கை மேல் மட்டும் விழுகிறது. அவள் தூங்கவில்லை என்பது எப்படியோ தெரிந்தது. அடுத்த மணி அடிப்பதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடியிருக்கிறாள். இப்படி ஒன்றை நான் சாகும்வரை எடுக்க மாட்டேன் என்று அப்போதே புரிந்தது. அவ்வளவு கோபமும் அவர் மேல்தான் வந்தது.

வேண்டாம் என்று தூக்கிப் போட்டதைத்தானே எடுக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கை பழக்கத்தில் வேலையை ஆரம்பித்தது. சட்டையில் இருந்த வியர்வைக் கறையைத் துடைத்தேன். அந்தப் பெண்ணின் முன்கையில் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு, அதையும் துடைத்தேன். என் பெயரைப் போட்டு நூலகத்துக்கு அனுப்பினேன்.

எதிர்ச் சுவருக்கு அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

திறப்பு நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். நூலகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவி படத்துக்கு முன்னால் போய் நின்றவள் நகரவே இல்லை.

"இதை நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா."

"எப்ப?"

"அன்னிக்கு உங்க இடத்துக்கு வந்தேனே, அப்பதான்."

அவள் வலது கைச் சட்டையை முழங்கை வரை ஏற்றினாள். கையைப் படத்துக்குப் பக்கத்தில் நீட்டினாள். முன்கையில் விரல் நீளத்துக்குத் தழும்பு.

"இது எங்க போச்சு?"

நான் கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி இஸ்திரி மெஷின்ல சுட்டது. வீட்டுக்கு வந்து காட்டினேன். மருந்து போடுன்னீங்க. கம்ப்யூட்டர்லேர்ந்து தலையைக்கூடத் தூக்கல."

பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவளின் கை அது. முகம் முக்கால்வாசி மறைந்திருந்தது என்று சாக்கு சொல்லலாம். கை மறையவில்லையே.

"வேண்டாம்னு சொன்னது நீதானா?" என்று கேட்டேன்.

"நான்தான். காமிராவுலயே காட்டினாங்க, பாத்ததும் எனக்கு அவ்வளவு பிடிச்சுது. ஆனா நீங்க தாங்க மாட்டீங்க. யாரையோ அவங்க எடுத்ததுக்கே மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறீங்க. என்னை எடுத்து இங்க மாட்டினா அப்புறம் வீட்டுல மனுஷி இருக்க முடியுமா? அதான் வேண்டாம்னுட்டேன்."

தபால்காரம்மா சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்தார். படத்தைப் பார்த்தார். கீழே என் பெயரைப் பார்த்தார். என்னைக் காறித் துப்பியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"அக்கா, இது இருக்கட்டுமா, எடுத்துடலாமா?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"தழும்பு இல்லாம இருக்க வேண்டாம்" என்றாள்.

நானே ஏணி கேட்டு வாங்கி, அத்தனை பேர் பார்க்கப் படத்தை இறக்கினேன். நூலகரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப அவங்களைப் பத்தி நாலு வார்த்தை நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் கறையோடும் தழும்போடும் இரண்டு பிரதி போட்டேன். முதலாவதை மனைவியிடம் கொடுத்தேன். அவள் சரி என்ற பிறகு மற்றது சுவருக்குப் போனது, தபால்காரம்மாவின் பெயரோடு.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள், கூடித்தான் இருக்கிறது. முன்பெல்லாம் அவர் படங்களைப் பார்த்துப் பொறாமை. இப்போது, என் மனைவி அலுத்துப்போய்க் கண்ணை மூடிய அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்திருந்தது அவர், நான் இல்லை என்பதில் பொறாமை.

உன்னை ஒரு படம் எடுக்கட்டுமா என்று முந்தாநாள் மனைவியைக் கேட்டேன்.

"முதல்ல மூணு நாள் சும்மா உக்காருங்க" என்றாள்.

காமிராவைக் கடையில் பூட்டிவிட்டு, சமையலறை மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். இன்று இரண்டாவது நாள்.