பாண்டித்துரையின் வலது கால்

பாண்டித்துரையின் டிரம் செட்டைப் பார்த்தால் பஹ்ரைனை விட்டு யார் யார் போனார்கள் என்று சொல்லிவிடலாம். பெரிய டிரம் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் விட்டுப் போனது. பித்தளைத் தட்டுகள் இரண்டும், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஊருக்குக் கிளம்பிய ஒரு மலையாளி மாஸ்டர் கொடுத்தவை. பெரிய டிரம்மைக் காலால் அடிக்க வைக்கும் பெடல், ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த கோவாக்காரர் ஒருவர் வேலை முடிந்ததும் தள்ளிவிட்டுப் போனது. உட்காரும் ஸ்டூலை மட்டும்தான் பாண்டித்துரை கடையில் வாங்கினார். அதுவும் ஈசா டவுன் பழைய சாமான் சந்தையில்.

வீடும் அதே லட்சணம்தான். சோபா ஒருவருடையது, கட்டில் இன்னொருவருடையது. மெத்தையில் யாரோ புரண்டு புரண்டு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்த ஆளின் பள்ளத்தில்தான் பாண்டித்துரையின் மனைவி சங்கீதா இத்தனை வருடமும் தூங்கி எழுகிறாள். கேட்டால் பாண்டித்துரையிடம் ஒரே பதில்தான்.

"அடுத்த வருசம் போயிருவோம்ல. எதுக்குப் புதுசு?"

ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இளந்தாரியாக வந்தவர். அலுமினிய ஜன்னல் செய்யும் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து இன்று ஸ்டோருக்குப் பொறுப்பாளர். மகள் பானுப்பிரியா இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் முடித்து, இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். அந்த அடுத்த வருடம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. தப்பித் தவறி ஏதாவது புதிதாக வாங்கினால் அதன் அட்டைப் பெட்டி பீரோ மேல் ஏறிவிடும். ஊருக்கு கார்கோ போடும்போது அதே பெட்டியில் வைத்து அனுப்பலாம் என்பது கணக்கு. மிக்ஸி பெட்டி, டிவி பெட்டி, குக்கர் பெட்டி என்று அடுக்கு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த மிக்ஸி உழைத்து ஓய்ந்து குப்பைக்குப் போய் வருடமாகிறது. பெட்டி மட்டும் ஊருக்குப் போகக் காத்திருந்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம் பெடலை மாற்றச் சொன்னால் நடக்கிற காரியமா?

பெடல் என்பது பெரிய விஷயமில்லை. மிதித்தால் கம்பளி உருண்டை வைத்த ஒரு சின்னச் சுத்தியல் போய் டிரம்மில் விழும், டும் என்று கேட்கும். அவ்வளவுதான். கோவாக்காரரின் பெடலில் சுத்தியலை இழுக்கும் தோல் பட்டை தொய்ந்து, கீல் ஆட்டம் கண்டு, ஸ்பிரிங் முனகத் தொடங்கியிருந்தது. பாண்டித்துரை அதற்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டார், கம்பி சுற்றினார், கம்பெனியில் மிச்சமாகும் ரப்பரை வெட்டி அண்டை கொடுத்தார். பெற்ற பிள்ளைக்கு அப்படி வைத்தியம் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

பாண்டித்துரை வாசிக்கும் பாட்டுக் குழுவுக்கு ஒத்திகை வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்மா தொழுகையும் சாப்பாடும் முடிந்த பிறகு. இடம், ஹபீப் முகம்மதுவின் குடோன். ஹபீப் கீழக்கரைக்காரர், மனாமாவில் அத்தர் கடை வைத்திருக்கிறார், குழுவில் கீபோர்டு வாசிப்பவரும் அவரே, தலைவரும் அவரே. குடோனில் கிடந்து கிடந்து பாண்டித்துரையின் டிரம்மிலும் அத்தர் வாசனை ஏறிவிட்டது. குத்துப் பாட்டுக்கு அடித்தாலும் கல்யாண வீட்டு மணம்தான் வரும்.

தீபாவளி நிகழ்ச்சியில் வேகமான பாட்டு ஒன்றில் டும் டும் என்று இரண்டு விழ வேண்டிய இடங்களில் ஒன்றுதான் விழுந்தது. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் தடுமாறினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஹபீப் மெல்லப் பேச்செடுத்தார்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீக. பொங்கல் ப்ரோக்ராமுக்கு அந்தக் கால் அடியை மட்டும் நான் கீபோர்டுல போட்டு ஓட விட்டுக்கிடவா? நீங்க கையில வாசிங்க, போதும். உங்களுக்கும் சிரமம் இல்ல."

பாண்டித்துரைக்குச் சுருக்கென்றது. காலை எடுத்துவிட்டால் அவர் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது? தட்டில் ஈ ஓட்டுவதா?

"காலு நல்லாத்தான் தம்பி இருக்கு. பெடல்தான் மக்கர் பண்ணுது."

"அதைத்தான் அஞ்சாறு மாசமாச் சொல்றேன். மாத்துங்கண்ணே."

"மாத்தலாம்... அடுத்த வருசம் போயிருவோம்ல."

ஹபீபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் அத்தர் கடை வச்ச நாள்லேருந்து இதைத்தான் சொல்றீக. பொங்கலுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இல்லாட்டி கீபோர்டுதான்."

அன்று சாயங்காலம் பாண்டித்துரை ஹபீப் கேட்டதை வீட்டில் சொல்லிவிட்டு, எல்லாம் அந்தப் பெடலால் வந்தது என்று முடித்துக்கொண்டார். சங்கீதா ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். வலியை மறைக்கிற முகங்களைப் பார்த்தே சம்பாதிக்கிறவள். டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, பெடல் வாங்கக் காசு இல்லையா?"

"காசெல்லாம் இருக்கு."

"அப்ப ஏன் வாங்க மாட்டேங்குறீக? நான் சொல்லட்டா? எங்க ஆஸ்பத்திரிக்கு வருவாக. வலி இருக்கும். எக்ஸ்ரே எடுப்போம்னு சொன்னா, வேணாம், சூடா காப்பி குடிச்சேன், அதான்னு சொல்லிட்டு ஓடிருவாக. எடுத்தாத் தெரிஞ்சு போகும்ல, அந்தப் பயம். உங்களுக்கும் அதேதான். புதுசு வாங்கியும் அடி விழலைன்னா, காலுதான் போச்சுன்னு தெரிஞ்சு போகும்."

பாண்டித்துரை டீயைக் கீழே வைத்தார். அவள் சொன்னது அப்படியே உண்மை. ஐம்பதைத் தாண்டியாயிற்று, சர்க்கரை வேறு எட்டிப் பார்க்கிறது. சில நாள் மாடிப்படி ஏறும்போது கணுக்கால் பிடித்துக்கொள்கிறது. கோவாக்காரரின் பெடல் இருக்கும்வரை பழியைப் போட ஓர் இடம் இருந்தது. நல்ல பெடல் வந்துவிட்டால் யார் மேல் போடுவது? ஸ்டோர் வேலையில் அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் வருவார். டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த ஊரில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. அது போய்விடுமோ என்று அவர் நிஜமாகவே பயந்தார்.

"சரி, கிளம்பு," என்றார்.

மனாமாவில் இசைக்கருவி விற்கும் கடையில் கடைக்காரர் பெடலை மாட்டிக் கொடுத்து, "மிதித்துப் பாருங்கள் பாய்" என்று இந்தியில் சொன்னார். பாண்டித்துரை மிதிக்கவில்லை. நாலு பேர் நின்றார்கள். குனிந்து, கத்தரிக்காயில் சொத்தை பார்ப்பதுபோல் பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கையால் இரண்டு தட்டுத் தட்டினார், "அச்சா" என்றார். அவ்வளவுதான் பரிசோதனை. இரட்டைச் சங்கிலி போட்ட பெடல். வழவழவென்று ஒரு சத்தமும் இல்லாமல் ஆடியது. வீட்டுக்கு வந்ததும் பெட்டி மட்டும் பீரோ மேல் மிக்ஸி பெட்டிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. புதுப் பெடலில் முதல் பாட்டு. எல்லா அடியும் விழுந்தது, ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் எல்லாமே முந்திக்கொண்டு விழுந்தது. பாட்டு ஒரு பக்கம் போக, டிரம் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஹபீப் இரண்டு தடவை நிறுத்தினார். மூன்றாம் தடவை நிறுத்தியபோது கீபோர்டில் கால் அடியைப் போடும் பட்டனைத் தடவிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பாண்டித்துரை தாங்கியிருப்பார்.

"இன்னைக்கு இது போதும் தம்பி. கலாஸ்," என்றார்.

மற்றவர்கள் போய்விட்டார்கள். ஹபீபும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். பாண்டித்துரை அத்தர் பெட்டிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தார். ஆக, காலுதான். சங்கீதா சொன்ன எக்ஸ்ரே எடுத்தாயிற்று. அழுகை வந்தது, யாரும் இல்லாததால் கொஞ்சம் அழவும் செய்தார்.

பிறகு புதுப் பெடலைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையதை மாட்டினார். எதற்கென்று அவருக்கே தெரியாது. ஒருமுறை பழையபடி வாசித்துவிட்டுக் கடையைக் கட்டலாம் என்று தோன்றியிருக்கலாம். மெதுவாக மிதித்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே மிதித்தார்.

கால் இறங்கியது. கீல் ஆடியது. தோல் பட்டை தொய்வு நீங்கி இறுகியது. அப்புறம்தான் சுத்தியல் கிளம்பியது. அதன் பிறகுதான் டும்.

மறுபடி மிதித்தார். மறுபடியும் அப்படியே. காலுக்கும் சத்தத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. பழைய கட்டடத்து லிஃப்ட் மெதுவாக வரும் என்று தெரிந்தவன் செருப்பு மாட்டுவதற்கு முன்பே பட்டனை அமுக்கி வைப்பதுபோல, அவர் கால் அந்த இடைவெளியை அறிந்து, ஒவ்வோர் அடிக்கும் முன்கூட்டியே கிளம்பியிருக்கிறது. தாளம் தவறக்கூடாதே என்று தானாகவே கற்றுக்கொண்டு, அவரிடம்கூடச் சொல்லாமல், வருடக்கணக்காக அந்த ஓட்டைப் பெடலைச் சுமந்திருக்கிறது. தொய்வு எல்லை மீறிய பிறகுதான் தீபாவளிக்குத் தடுமாறியிருக்கிறது. புதுப் பெடல் உடனே அடிக்கிறது; கால்தான் பழக்க தோஷத்தில் இன்னும் முன்னாலேயே கிளம்புகிறது.

பாண்டித்துரை குனிந்து வலது கணுக்காலைத் தடவிக் கொடுத்தார். "உன்னைப் போய் சந்தேகப்பட்டேனேடா," என்றார் வாய்விட்டு. அந்தக் காலை நினைத்து அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு பொங்கல் வரை சங்கீதாவுக்கு நிம்மதி இல்லை. சீரியல் பார்க்கும்போது தரையில் டொக் டொக். சாப்பிடும்போது மேசைக்கடியில் டொக் டொக். அவசரப்படாமல் இருக்கக் காலைப் பழக்கிக்கொண்டிருந்தார். "கீழ் வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிடப் போறான்," என்று சங்கீதா திட்டினாள். திட்டிக்கொண்டே அந்தத் தாளத்துக்கு வெங்காயமும் நறுக்கினாள்.

பொங்கல் விழா பள்ளிக்கூட அரங்கத்தில் நடந்தது. அதே வேகமான பாட்டு வந்தபோது பாண்டித்துரை ஹபீபின் கையைப் பார்த்தார். ஹபீப் வேண்டுமென்றே அந்தப் பட்டன் பக்கமிருந்த கையைத் தூக்கிக் காட்டினார். டும் டும் என்று இரண்டும் இடத்தில் விழுந்தன. பிள்ளைகள் பிசகாமல் ஆடினார்கள். பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் முதலில் எழுந்து விசில் அடித்தது சங்கீதா. பாண்டித்துரைக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பழைய பெடலை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. "சந்தையில போட்டுரலாமா?" என்றார் ஹபீப்.

"இதைக் கொடுத்து இன்னொருத்தன் காலை நான் கெடுக்கணுமா?" என்றார் பாண்டித்துரை. இப்போது அது குடோன் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது.

விழாவுக்கு மறுநாள் சனிக்கிழமை, லீவு. சங்கீதா சமையலறையில் இருந்தாள். படுக்கையறையில் ஏதோ சரிந்து விழும் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். பாண்டித்துரை நாற்காலியில் ஏறி நின்று பீரோ மேலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். பெடல் பெட்டி முதலில் வந்தது. அதைத் தரையில் போட்டு, இறங்கி, வலது காலாலேயே மிதித்துத் தட்டையாக்கினார்.

"என்னங்க இது? கார்கோவுக்கு வேணும்ல?"

"வேணாம். போறப்பப் பாத்துக்கலாம். இருக்கிறவரைக்கும் இருப்போம்."

மிக்ஸி பெட்டியும் கீழே வந்தது. டிவி பெட்டியும் வந்தது. அவள் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து பார்த்திராத சுவர் பீரோவுக்கு மேலே தெரிந்தது. சங்கீதா திரும்பி, கட்டிலில் கிடந்த மெத்தைப் பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு போய்க் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"மெத்தை வாங்க," என்றாள் சங்கீதா. "சட்டையைப் போடுங்க. இந்தத் தடவை கையால தட்டிப் பாக்குற வேலையெல்லாம் வேணாம். கடையிலேயே ரெண்டு பேரும் படுத்துப் பாத்துத்தான் வாங்கணும்."