காதுகுத்து பிளெக்ஸில் இரண்டாவது க்யூஆர்

ஓடுகிற பிளெக்ஸ் மெஷினை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அதுவரை அடித்த மெட்டீரியல் குப்பைக்குத்தான். மறுபடி ஓட்டும்போது மை வரும் ஹெட் அடைத்துக்கொண்டு படத்தில் கோடு விழும். உத்திரமேரூர் பஜாரில் டிசைனிங் கடை வைத்துத் தலை நரைத்துப்போன நான், வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வது இதைத்தான். அப்படிச் சொல்கிற நானே ஒரு சனிக்கிழமை, தாய்மாமன் மீசைவரை அடித்து முடித்திருந்த ஒரு பிளெக்ஸை சுவிட்சைத் தட்டி நிறுத்தினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

1. மாமன் கொடுத்த ஆர்டர்

எங்கள் பக்கத்துக் காதுகுத்து பிளெக்ஸில் குழந்தையைவிடத் தாய்மாமன்தான் பெரிதாக இருப்பார். கூலிங் கிளாஸ் இல்லாவிட்டால் நாங்களே கம்ப்யூட்டரில் ஒன்று மாட்டிவிடுவோம். அன்று வந்த மாமன் இளங்கோ. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. திருமுக்கூடலில் இருக்கும் அவன் அக்கா, என் கடைக்கு வந்துபோகிற கஸ்தூரியின் மகளுக்கு மறுநாள் காதுகுத்து.

இப்போதெல்லாம் மொய்க்கு க்யூஆர் போடுவது சகஜம். இளங்கோ இரண்டு கொடுத்தான். ஒன்று கஸ்தூரியின் கணவர் தனசேகரின் பேங்க் க்யூஆர்.

"ரெண்டாவது இன்னாடா?" என்றேன்.

"கிரிப்டோ ண்ணா. அக்கா வூட்லயே ஒக்காந்துக்கினு வெளிநாட்டுக்காரனுக்கு நகை டிசைன் போட்டுத் தருதில்ல, அந்தக் காசு இதுலதான் வருது. எங்க கம்பெனி பசங்க இதுல மொய் வெப்பானுங்க. அக்கா போட்டோ பக்கத்துலயே வெச்சி, கீய பேரு போட்டுடு."

அக்காவைப் பற்றிச் சொல்லும்போது அவன் முகத்தில் அத்தனை பெருமை. போட்டேன். சரிபார்க்கச் சொல்லி புரூஃபை அவன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். உடனே கட்டைவிரல் வந்தது. மெஷினை ஓட விட்டேன்.

2. டயர் கடை கற்றுக்கொடுத்த பழக்கம்

முன்பு ஒரு கல்யாணப் பத்திரிகையில், மண்டபத்துக்கு வழி காட்டவேண்டிய க்யூஆர் செங்கல்பட்டில் ஒரு டயர் கடைக்கு வழி காட்டியது. பெண் வீட்டார் திட்டியதை இங்கே எழுத முடியாது. அதிலிருந்து எந்த க்யூஆரையும் நானே ஸ்கேன் செய்து பார்க்காமல் விடுவதில்லை. அன்று அவசரத்தில் மெஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான் ஸ்கிரீனுக்கு நேராகப் போனை நீட்டினேன்.

முதலாவதில் தனசேகரின் பெயர் வந்தது. சரி. இரண்டாவதில் எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு நீளமான வரி வந்தது. என்னவென்று தெரிந்துகொள்ள அதை அப்படியே கூகுளில் போட்டேன். ஒரு பக்கம் திறந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை. எப்போது எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, இப்போது எவ்வளவு இருக்கிறது, எல்லாம் வரிசையாக நின்றது. அடுத்தவர் பீரோவைத் தெரியாமல் திறந்துவிட்டதுபோல இருந்தது எனக்கு.

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இளங்கோவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆமா ண்ணா, அது அப்பிடித்தான். யார் வேணா பாக்கலாம். எடுக்கத்தான் முடியாது. அதுக்குச் சாவி மாதிரி பன்னெண்டு வார்த்த கீது, அத்த மட்டும்தான் யாருக்கும் சொல்லக்கூடாது. இதுல எங்கனா பேரு போட்டுக்கீதா பாரு."

"இதுல இல்ல நைனா. நீதான் போட்டோவோட என்னைப் போடச் சொல்லிக்கீறியே!"

அவன் டீ கிளாஸோடு நின்றான். அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. எனக்கோ, பிளெக்ஸை ஸ்கேன் செய்கிற எல்லாரும் கஸ்தூரியின் கணக்கைப் பார்ப்பார்களே என்று பட்டது. கஸ்தூரிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணா, அத்த எடுத்துடுங்க ண்ணா," என்றாள். "பேங்க்ல வர்றது எல்லாம் அவரு போனுக்குத்தான் போவுது. இது ஒண்ணுதான் அவருக்குத் தெரியாது. பொண்ண இட்டுக்கினு தனியா போவறதுக்குன்னு சேத்துக்கினு கீறேன். போன வாட்டி அரிசி டப்பால காசு வெச்சிருந்தத பாத்துட்டுத்தான் கைய முறுக்கினாரு. கட்டு போட்டுக்கினு கடைக்கு வந்தேனே, நீங்ககூட இன்னான்னு கேட்டீங்களே. கொழந்தய தூக்கும்போது சுளுக்கிக்கிச்சின்னு சொன்னேன்."

"இன்கம் டாக்ஸ்காரங்களுக்குத் தெரியுமாம்மா?"

"ஆடிட்டர் வெச்சி வருசா வருசம் கட்டிக்கினுதான் ண்ணா கீறேன். கெவுருமென்டுக்குத் தெரியட்டும். அவருக்குத் தெரியக்கூடாது."

அப்போதுதான் சுவிட்சைத் தட்டினேன். க்யூஆர் இருப்பது பிளெக்ஸின் அடியில், இன்னும் அடிக்கவில்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். போனில் அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த இளங்கோவின் முகம் வெளுத்திருந்தது.

"ண்ணா, அந்த புரூஃப நா ஸ்டேட்டஸ்ல வெச்சிட்டேன் ண்ணா."

எங்கள் தொழிலில் இது தீராத பேஜார். பிளெக்ஸ் கட்டுகிறவரை யாருக்கும் பொறுமை கிடையாது, புரூஃப் வந்த நிமிடமே ஸ்டேட்டஸில் ஏற்றிவிடுவார்கள். பார்த்தவர்கள் யார் என்று போனைத் திறந்து காட்டினான். மேலேயே இருந்தது, "மச்சான்".

3. ஒரு கட்டம் குறைந்தது

ஸ்டேட்டஸை அழித்தான். இரண்டாவது க்யூஆர் இருந்த இடத்தில் ஒரு ரோஜாப் பூவை வைத்து மறுபடி அடித்தேன். அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. விசிட்டிங் கார்டு கேட்டவருக்கு ரசீது புக் டிசைனைக் காட்டினேன். தனசேகர் பார்த்ததோடு விட்டாரா, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாரா? அழித்ததை ஏன் அழித்தாய் என்று கேட்டால்? தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் பிளெக்ஸ் கட்டும் சாக்கில் நானும் போனேன். மாமன் மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. கஸ்தூரி என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். தனசேகர் நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா ண்ணா, நேத்து ஸ்டேட்டஸ்ல ரெண்டு கட்டம் இருந்திச்சி. இன்னிக்கி ஒண்ணுதான் கீது?"

பிளெக்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டியபடியே சொன்னேன், "அது மாடல்ல இருந்தது ப்பா. பழைய பார்ட்டியோடது. எடுக்க மறந்துட்டேன்."

"அதான பாத்தேன். மொய்ப்பணம் வேற எவனுக்கோ போயிருக்கும்!" என்று சிரித்து என் முதுகில் தட்டினார். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்த பிறகும் அவர் கண் என் முகத்திலேயே இருந்ததாக எனக்குப் பட்டது. பிரியாணி இறங்கவில்லை.

4. கேட்காத கேள்வி

சில மாதம் கழித்து கஸ்தூரி கடைக்கு வந்தாள். அந்தப் பழைய கிரிப்டோ வாலட்டை விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"புதுசா ஒண்ணு தொறந்து அதுக்கு நேரா மாத்தினா, இதுலேர்ந்து அதுக்குப் போச்சின்னு பாக்கறவனுக்குத் தெரிஞ்சிடும் ண்ணா. அதான் என் பேர்ல ஆதார் எல்லாம் குடுத்து வெச்சிருந்த, கிரிப்டோ வாங்கி விக்கற எக்ஸ்சேஞ்சுல போட்டு வித்துட்டேன். அதுக்குள்ள போயிட்டா வெளியேர்ந்து பாக்கறவனுக்குத் தடம் தெரியாது. வரி போக மிச்சம் என் நம்பர்ல தொறந்த புது பேங்க் கணக்குக்கு வந்திச்சி. இப்ப ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனித்தனி அட்ரஸ்தான் குடுக்கறேன். தம்பிக்குக்கூடக் காட்டல."

பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து, செராக்ஸ் கேட்டாள். மேலே 'வாடகை ஒப்பந்தம்' என்று இருந்தது. எனக்கு மனசு நிறைந்துபோனது. அந்தச் சந்தோஷத்தில், "எந்த ஊர்லம்மா வூடு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் ஒரு தடவை தெருவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொல்ல வாயைத் திறந்தாள்.

"வேணாம்மா, சொல்லாத," என்றேன்.

பத்திரத்தைப் படிக்காமல் கவிழ்த்தபடியே மெஷினில் வைத்தேன். வந்த நகலையும் கவிழ்த்தபடியே எடுத்துக் கொடுத்தேன். அன்றுமுதல் என் கடையில் கஸ்டமரின் பேப்பரை யாரும் படிப்பதில்லை, க்யூஆர் யாருடையதோ அவரையே கேட்காமல் பிளெக்ஸில் ஏற்றுவதில்லை, வேலை முடிந்தால் ஃபைலைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பதும் இல்லை. நம்மிடம் இல்லாததை நம்மிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. இத்தனை வருஷத் தொழிலில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது இதுதான்.

அடுத்த வாரம் தனசேகர் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். கண் சிவந்திருந்தது.

"எம் பொண்டாட்டி இங்க வந்து செராக்ஸ் எடுத்துச்சாமே. இப்ப பொண்ணையும் இட்டுக்கினு எங்க போச்சி?"

"தெரியாது தனசேகர்," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று நானும் அவர் கண்ணைப் பார்த்தபடி நின்றேன். எனக்கு நிஜமாகவே தெரியாது.