சின்னவரின் லடாக் ஜீப்

போன மாதம் தஞ்சாவூர் புறவழிச்சாலையில் ஒரு டீக்கடை வாசலில் அந்த வண்டி நின்றிருந்தது. கூரையில் மடக்குக் கூடாரம், பக்கவாட்டில் தண்ணீர்க் கேன்கள், ஒரு மண்வெட்டி, எஞ்சின் மூச்சுவிடுவதற்காகக் கூரைவரை ஏற்றிவிட்ட குழாய். பெங்களூர்ப் பதிவு எண். இரண்டு பையன்கள் ஒரு கையில் டீயும் மறு கையில் செல்போனுமாக டயரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொள்ளிடக்கரையில் எங்கேயோ சேற்றில் இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். சைலன்சரில் அப்பியிருந்த சேறு காய்ந்து கருகி ஒரு வாசனை கிளம்பியது பாருங்கள், குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டேன்.

வயல் சேறு சூடான இரும்பில் வேகும் வாசனை. உங்களுக்கு அது நாற்றமாக இருக்கலாம். எனக்கு அது பழிவாங்கி முடித்த ஒரு வியாழக்கிழமைக் காலையின் வாசனை. இன்றைக்கும் மூக்கில் ஏறினால் வாயில் எச்சில் ஊறுகிறது.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்து, திருவாரூரில் சவரிமுத்து அண்ணன் பட்டறையில் நான் சேர்ந்திருந்த காலம். கூலி வேலைக்காரர்களின் தெருவான எங்கள் தெருவில் முதல் டிப்ளமா நான்தான். அந்தப் பெருமையில் சட்டைப் பையில் அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பரைச் செருகிக்கொண்டு போவேன். பேனா செருகுகிறவர்களைவிட நான் ஒரு படி மேல் என்று நினைப்பு. பஸ் குலுங்கும்போதெல்லாம் அது நெஞ்சில் குத்தும். குத்தினாலும் எடுக்க மாட்டேன்.

ராணுவம் ஏலத்தில் தள்ளிவிடும் பழைய ஜீப்புகளை வாங்கி உயிர் கொடுப்பது அண்ணனுடைய தொழில். ரைஸ் மில்காரர்கள், மிராசுதார்கள், கட்சிக்காரர்கள் என்று வாங்குவதற்கு ஆள் உண்டு. பானட்டில் கொடி மாட்டும் கம்பியை மட்டும் அண்ணன் வெல்டிங் வைக்க மாட்டார், திருகிக் கழற்றுகிற மாதிரிதான் வைப்பார். ஆட்சி மாறினால் கொடி மாறுமே, வெல்டிங்கை அறுத்துக்கொண்டிருக்க முடியுமா என்பார்.

அந்தப் பட்டறைக்குத்தான் ஒருநாள் எங்கள் ஊர் மிராசுதாரின் மகன் வந்தார். அப்பாவைப் பெரியவர் என்றும் மகனைச் சின்னவர் என்றும் ஊர் சொல்லும். சின்னவர் கையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. பாலைவனத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் வண்டிகளின் வழவழப்பான படங்கள். கோடியக்கரையிலிருந்து லடாக் வரை ஜீப்பிலேயே போகப்போகிறாராம். "படுக்கை, அடுப்பு, தண்ணி டேங்க் எல்லாம் உள்ளயே இருக்கணும். எந்தக் காட்டுலயும் எந்தச் சேத்துலயும் நிக்கக் கூடாது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ நம்ம காலனிப் பயதானே? அட, டிப்ளமா! நீயே செய்யிடா."

அன்றிலிருந்து நான் டிப்ளமா. எங்கள் தெருவில் எல்லோரும் அவரைச் "சின்னய்யா" என்பார்கள். நான் "சார்" என்பேன். படிப்பு எனக்குக் கொடுத்த உடனடி லாபம் அது ஒன்றுதான்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஜீப்பை நான் காதலித்தேன். ராணுவ எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினோம். பாரம் தாங்கப் பின்பக்க வில்பட்டையில் இரண்டு இலை கூட்டினேன். தண்ணீரில் இறங்கினால் எஞ்சின் மூழ்காமலிருக்க டிராக்டர் புகைக்குழாயை வளைத்து மூச்சுக்குழாய் செய்தேன். முத்துப்பேட்டையில் பழைய படகிலிருந்து கழற்றிய கைராட்டினத்தை முன் பம்பரில் பொருத்தினேன், மாட்டிக்கொண்டால் மரத்தில் கயிறு கட்டி வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ள. பின் சீட்டை மடக்கினால் கட்டில். சாப்பாட்டு நேரத்தில்கூட அடியில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வண்டி யாருடையது என்பது ஞாபகம் வரும்போது மட்டும் நாக்கு கசக்கும்.

காரணம் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் பெரியவருடைய உபரி நிலம் கொஞ்சம் பிடுங்கப்பட்டு, எங்கள் தெருவில் பதினோரு குடும்பங்களுக்குப் பட்டா கிடைத்தது. பெரியவர் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். தோற்ற ஆத்திரத்தில், அந்த ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்ததும், எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு அவர் வயல் நடுவே போன வண்டிப்பாதையை டிராக்டர் விட்டு உழுது, தண்ணீர் பாய்ச்சி, வயலோடு வயலாக்கிவிட்டார். இரண்டு முனையிலும் கருவை முள் வேலி. "பாதையா? இது எங்க பாட்டன் காலத்துலேர்ந்து நஞ்சை" என்றார். கிராமக் கணக்கான அடங்கல் ஏட்டிலும் நஞ்சை என்றே இருந்தது. ஏடு யார் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு எழுதப்பட்டது என்று ஊருக்கே தெரியும்.

ஐப்பசியில் என் அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தது. கயிற்றுக்கட்டிலில் படுக்கவைத்து வரப்பு வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். வரப்பில் இரண்டு பேர் அருகருகே நடக்க முடியாது, தெரியுமில்லையா? ஒரு பக்கத்து ஆட்கள் வரப்பில், மறுபக்கத்து ஆட்கள் சேற்றில். நான் சேற்றுப் பக்கம், கால்மாட்டில். மழை. ஒவ்வொரு எட்டுக்கும் கால் தொடைவரை புதைந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் முழங்காலோடு நின்றுவிட்டது. அடியில் கெட்டியாக ஏதோ தட்டியது. நாலு எட்டு அப்படி. மறுபடியும் புதைகுழி. அங்கேதான் நான் சரிந்தேன். கட்டில் என் பக்கம் சாய்ந்தது. அக்கா கத்தவில்லை, என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. ஆண் பிள்ளை.

அந்த நாலு எட்டைப் பல நாள் யோசித்தேன். வரப்பு பழைய பாதையைக் குறுக்கே கடக்கும் இடம் அது. தலைமுறை தலைமுறையாக மாட்டுவண்டி ஓடி, செங்கல் கட்டியும் சுண்ணாம்புக் காரையும் கொட்டி இறுகிய தரை. டிராக்டர் மேலே ஒரு முழம் கலக்கியதே தவிர, பாதையைக் கொல்ல முடியவில்லை. பாதை சேற்றுக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தது.

தெருக்காரர்கள் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். முதலில் வந்த அதிகாரி ரோட்டில் நின்று பார்த்தார், செருப்பைக் கழற்றவில்லை. "வயல்தானே தெரியுது" என்று எழுதிக்கொண்டு போனார். மறுபடியும் மனு. அடுத்த புரட்டாசியில் புதிதாக வந்த தாசில்தார் வியாழக்கிழமை நேரில் வருவதாகத் தகவல் வந்தது. வயலைச் சேறடித்து வைத்திருந்தார்கள், நடவுக்கு இன்னும் நாலு நாள்.

நான் சின்னவருக்கு ஆள் அனுப்பிச் சொன்னேன்: வண்டி வியாழக்கிழமை ரெடி.

அதற்கு முன்பு, வண்டி செய்யும்போது, ஒரேயொரு விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் தகராறு. டயர்.

"அகலமா போடுடா. பாத்தா சிங்கம் மாதிரி இருக்கணும்."

"மணலுக்கு அகலம் சரி சார். அகல டயர் சேத்து மேல மெதக்கும், வழுக்கும். ஒல்லி டயர்னா வெட்டிக்கிட்டு இறங்கி அடித்தரையப் புடிச்சுக்கும். மலைப்பக்கம் மழை பேஞ்சா எப்பிடி இருக்கும்னு யோசிங்க."

"டிப்ளமா சொன்னா சரிதான் போலருக்கு" என்று சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தார். நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஒரு போல்ட்டைக்கூட நான் தளர்த்தி வைக்கவில்லை. என் பழி கொஞ்சம் உயர்ந்த ரகம் என்ற கர்வம் எனக்கு அப்போதே உண்டு.

வியாழக்கிழமை. ரோட்டோரம் தாசில்தார், அவருக்குக் குடை பிடித்தபடி தலையாரி, பக்கத்தில் பெரியவர். அந்த வருட ஆட்சிக்குப் பொருத்தமான கரை போட்ட வேட்டி. "நீங்களே பாருங்க, கண்ணுக்கெட்டுன வரைக்கும் வயல்" என்று கையை வீசிக் காட்டிக்கொண்டிருந்தார். பட்டறையிலிருந்து ஜீப்பை எடுத்துக்கொண்ட சின்னவர் ஹாரன் அடித்தபடி அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். பக்கத்து சீட்டில் நான். சின்னவர் தன் லடாக் திட்டத்தைச் சொல்ல, தாசில்தார் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது லடாக் போகுமா?" என்றார்.

"லடாக் என்னங்க, இந்தச் சேத்துலயே போகும்" என்றார் சின்னவர்.

வண்டியைச் சேற்றில் இறக்கச் சொல்லி நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அதை நினைத்து இன்றும் பூரிக்கிறேன். "எங்க விடலாம்டா?" என்று கேட்டார். "அந்த முள்ளு வேலிக்கு நேரா விடுங்க சார்" என்றேன். அவர் ஆளே முள்ளை இழுத்து ஒதுக்கினான். பெரியவர் "டேய், டேய்" என்றது எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

முன்சக்கரம் தொபுக்கென்று இறங்கியது. பிறகு தட்டியது, அதே தட்டு. நாலு சக்கரமும் தரையைப் பிடித்துக்கொண்டன. ஜீப் சேற்றைப் பிளந்துகொண்டு வில்லிலிருந்து விட்டதுபோல நேராக, மறுமுனை முள்ளையும் தள்ளிக்கொண்டு, எங்கள் தெருவரை போனது. ஒரு வருடத்துக்கும் மேலாகச் சக்கரம் பார்க்காத தெரு. எல்லாரும் ஓடிவந்தார்கள். அக்கா வாசலில் நின்று பார்த்தாள், வரவில்லை.

திரும்பும்போது சின்னவருக்குத் தலைகால் புரியவில்லை. தாசில்தார் முன்னால் ஒரு வட்டம் அடித்துக் காட்ட ஆசை.

"வழிய விட்டு விலகாதீங்க சார்" என்றேன். சத்தியமாகச் சொன்னேன்.

"எந்த வழிடா? எல்லாம் நம்ம வயலு!" என்று ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தார்.

பத்தடிகூடப் போகவில்லை. கதவுவரை உட்கார்ந்துவிட்டது. கைராட்டினத்தில் கயிறு கட்ட அந்த வயலில் மரம் ஏது? இலக்கண சுத்தமாக ஜீப் செய்த டிப்ளமா அதை யோசிக்கவில்லை என்று பிறகு பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள்.

பெரியவர் ரோட்டிலிருந்து எங்கள் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே, நாலு பேரு வந்து தள்ளுங்கடா!"

தெருமுனையில் முப்பது பேர் நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. என் அத்தான், அக்காவின் புருஷன், எப்போதும் அதிர்ந்து பேசாத மனிதர், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில்கூடக் கட்டவில்லை. கைகட்டிக்கொண்டு சொன்னார்:

"எப்பிடிங்க வர்றது? பாதை இல்லீங்களே."

அவ்வளவு பெரிய வயலில் அது தெளிவாகக் கேட்டது. தாசில்தார் பெரியவரைப் பார்த்தார், வேலியிலிருந்து தெருவரை கோடு கிழித்ததுபோல் நேராகக் கிடந்த சக்கரத் தடத்தைப் பார்த்தார், பக்கத்தில் புதைந்து கிடந்த ஜீப்பைப் பார்த்தார். குனிந்து செருப்பைக் கழற்றினார். பேன்ட்டை மடித்துக்கொண்டு தடத்தில் இறங்கி நூறடி நடந்தார். முழங்காலுக்கு மேல் நனையவில்லை. பிறகு வேண்டுமென்றே இடதுபக்கம் ஒரு காலை வைத்தார். தலையாரி பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

"சங்கிலி எடுத்துட்டு வாங்க, அளந்துடலாம்" என்றார்.

சின்னவர் ஸ்டியரிங்கை விடாமல் என்னைப் பார்த்தார். "டிப்ளமா, தெரிஞ்சேதான் பண்ணியா?"

"ஆமா சார்" என்றேன். அந்த இரண்டு சொல்லைப்போல ருசியாக எதையும் நான் சாப்பிட்டதில்லை.

அறுவடை முடிந்து தை மாதம் பாதை திரும்பக் கிடைத்தது. அந்த வியாழனுக்குப் பிறகு சவரிமுத்து அண்ணன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள், "மிராசுக்காரன் ஒருத்தனும் இனிமே இந்தப் பக்கம் வரமாட்டான்டா, பாவி" என்றார். கொஞ்சம் கழித்து, "அகல டயர் போட்டிருந்தா?" என்று கேட்டார். "வேலியிலயே நின்னிருக்கும் அண்ணே" என்றேன். மாதா படத்தைப் பார்த்து ரகசியமாகச் சிரித்துக்கொண்டார்.

ஜீப் லடாக் போகவில்லை, கும்பகோணம்கூடத் தாண்டவில்லை. எங்கேயோ அறுத்து இரும்புக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. பெரியவர் செத்தார், சாவுக்கு நான் போகவில்லை. சின்னவர் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். அவர்கள் வீடு இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். கோபம் என்னிடம் அப்படியே இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஊரில் ஆள் இல்லை.

பாதை இப்போது தார் ரோடு. அக்கா என் வண்டியில் அதன்மேல் போகும்போது நடுவில் நிறுத்தச் சொல்வாள். இறங்கி வயலைப் பார்த்துக் கையை நீட்டி, "அங்கதாண்டா" என்பாள். நானும் பார்ப்பேன். அறுவடை மெஷின் திரும்ப இடம் வேண்டுமென்று வரப்புகளையெல்லாம் வெட்டிக் கரைத்துவிட்டார்கள். அவள் விரல் காட்டுகிற பக்கம் ஒரே பச்சை. கட்டில் சாய்ந்தது எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. "ஆமாக்கா" என்று மட்டும் சொல்வேன்.