முட்டிவலி மாத்திரையும் என் அறிவுரையும்

போன வாரம் என் தங்கச்சி செல்வி போன் பண்ணினாள். நேமத்தான்பட்டிப் பக்கம் டீச்சர். கிளாஸில் வாய் ஓயாதவள். ‘அண்ணே, வேலைய விட்டுறலாம்னு இருக்கேன்’ என்றாள். குரலில் சுரத்தே இல்லை.

மூன்று வாரமாகவே இப்படித்தான். சாப்பாடு இறங்கவில்லை, எழுந்தால் தலைசுற்றல், எதிலும் பிடிப்பில்லை... ‘உசுரோட இருந்து என்னண்ணே ஆகப்போகுது?’ என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

நான்தான் வாராவாரம் இந்தப் பத்தியில் ஊருக்கே புத்தி சொல்கிற ஆளாயிற்றே – சும்மா இருப்பேனா? ‘மனசத் திடமா வை, வாக்கிங் போ, நல்ல பாட்டாக் கேளு’ என்று பொழிந்து தள்ளினேன். ‘சரிண்ணே’ என்பாள். மறுநாள் இன்னும் சோர்ந்திருப்பாள்.

கடைசியில் காரைக்குடியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பிரஷர் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். ‘இம்புட்டுக் குறைஞ்சு கெடக்கே... ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டீகளா?’

‘முட்டிவலிக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, டாக்டர். மெடிக்கல்ல கேட்டு வாங்குனது, ஒன்றரை வருஷமா. போன மாசம் பால்குடத்துக்குக் காப்புக் கட்டுனேன். இனி ஆத்தா பாத்துக்குவான்னு அன்னைக்கே நிறுத்திட்டேன்.’

பையில் மிச்சமிருந்த அட்டையை எடுத்து நீட்டினாள். அது ஸ்டீராய்டு!

டாக்டர் விளக்கினார். பயமோ பதற்றமோ வந்தால், சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை விடும். போதுமென்றதும் மூளையே நிறுத்திவிடும். கவலை மாதக்கணக்கில் நீண்டால் அந்த பிரேக் சரியாகப் பிடிக்காது. மனச்சோர்வு வந்த பலருக்குக் கார்டிசால் அளவுக்கு மேலே ஓடிக்கொண்டிருக்குமாம். செல்விக்கு நேர் எதிர். வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருந்ததால் சுரப்பி வேலையை விட்டுவிட்டது. மாத்திரை திடீரென்று நின்றதும் கார்டிசால் தரைதட்டியது – மனசும் கூடவே படுத்துவிட்டது. மறுநாள் காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. ‘இன்னும் சில நாள் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து’ என்றார்.

கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. நாமோ எதற்கும் ‘எல்லாம் மனசுதான்’ என்று ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறோம். மனசு என்ன அந்தரத்திலா தொங்குகிறது?

மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறாள். இனி டாக்டர் சொல்கிறபடி கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். நேற்று பார்க்கப் போனேன். நாலு இட்லி இறங்கியது. என்னோடு சண்டை போடவும் தெம்பு வந்துவிட்டது.

‘அண்ணே, மூணு வாரமா அம்புட்டு யோசனை சொன்னீகளே... என்ன மாத்திரை சாப்பிடுறேன்னு ஒரு தடவையாச்சும் கேட்டீகளா?’

கேட்கவில்லை. நீங்களாவது கேட்டுவிடுங்கள்.